ஜி.எஸ்.டி. ரோட்டில் இடதுபக்கம் திரும்பினால் முதல் ரூபாய்க்கே வரி!

பத்து வருஷத்துக்கு முன்னாடி கிண்டியில் நின்று "ஜி.எஸ்.டி. எங்கே?" என்று கேட்டிருந்தால் ரோட்டைத்தான் கை காட்டியிருப்பார்கள். கிராண்ட் சதர்ன் ட்ரங்க் ரோடு. கத்திப்பாராவைத் தாண்டி தாம்பரம், செங்கல்பட்டு, திண்டிவனம் என்று தெற்கே போகிற சாலை. 2017 ஜூலை 1-க்குப் பிறகு அந்த மூன்று எழுத்தைக் கேட்டாலே சின்ன வியாபாரிக்கு வயிற்றில் புளி கரைகிறது.

இந்த இரண்டு ஜி.எஸ்.டி.க்கும் நடுவே ஒரு பார்சல் படும் பாட்டைப் பாருங்கள்.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மடுவன்கரையில் வாடகை வீட்டில் ஒரு சகோதரி. ஒரே ஒரு தையல் மெஷின். குழந்தைகளுக்குப் பாவாடை சட்டை தைத்து, போட்டோ எடுத்து, இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் விற்கிறார். ஒரு செட் 800 ரூபாய். மாதம் 30,000 ரூபாய்க்கு விற்பனை. வருஷத்துக்கு 3,60,000 ரூபாய். துணி, லேஸ், கூரியர் எல்லாம் போக கையில் நிற்பது எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

நாகர்கோவிலில் இருந்து ஒரு ஆர்டர் வருகிறது. எழுநூறு கிலோமீட்டர். அனுப்புகிறார். பிரச்சினை இல்லை. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு வருஷம் 40 லட்சம் ரூபாய் வரை ஜி.எஸ்.டி. பதிவே தேவையில்லை. 2019 ஏப்ரல் 1 முதல் இதுதான் விதி.

அடுத்த நாள் புதுச்சேரியில் இருந்து ஒரு ஆர்டர். அதே ரோடு, அதே கூரியர் வண்டி. திண்டிவனம் வரைக்கும் நாகர்கோவில் பார்சலும் புதுச்சேரி பார்சலும் பக்கத்துப் பக்கத்தில்தான் போகும். அங்கே ஒன்று நேராகப் போகிறது, இன்னொன்று இடதுபக்கம் திரும்புகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் இடதுபக்கம் திரும்பிய அந்த 800 ரூபாய் பார்சலுக்காக, சட்டப்படி, அவர் ஜி.எஸ்.டி. பதிவு எடுத்தே ஆக வேண்டும். 40 லட்சம் கிடையாது, 20 லட்சம் கிடையாது, ஒரு லட்சம்கூட கிடையாது. முதல் ரூபாயிலிருந்து. மாநில எல்லையைத் தாண்டிப் பொருள் விற்றால் விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு கட்டாயம் என்கிறது மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் பிரிவு 24. எடுக்காமல் விற்றால் அபராதம் 10,000 ரூபாய் அல்லது கட்டாமல் விட்ட வரித்தொகை, இரண்டில் எது அதிகமோ அது.

"ஒரே நாடு, ஒரே வரி" என்று சொல்லித்தானே இதைக் கொண்டுவந்தீர்கள்? நாடு ஒன்று என்றால் திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே சின்ன வியாபாரிக்கு மட்டும் எதற்கு இந்தச் சுவர்?

பதிவு எடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு

"பதிவுதானே, ஆன்லைனில் இலவசமாகக் கிடைக்குது, எடுத்துட்டுப் போங்க" என்று ஏ.சி. அறையில் உட்கார்ந்து சொல்வது சுலபம். நடப்பதைச் சொல்கிறோம்.

பதிவு எடுத்த நாளிலிருந்து புதுச்சேரி பார்சலுக்கு மட்டும் வரி இல்லை. நாகர்கோவில், மதுரை, பக்கத்துத் தெரு ஈக்காட்டுத்தாங்கல் என எல்லா விற்பனைக்கும் வரி. 2,500 ரூபாய் வரையிலான உடைக்கு இப்போது 5%. வருஷம் 3,60,000 விற்பனைக்கு 18,000 ரூபாய். துணி வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம், உண்மைதான். ஆனால் சின்னக் கடையில் துண்டுத்துணி வாங்குகிறவருக்கு ஜி.எஸ்.டி. பில் யார் தருவார்கள்? ராத்திரி பன்னிரண்டு மணி வரை மெஷினை மிதித்த அவரது சொந்த உழைப்புக்கு எந்தக் கழிவும் கிடையாது.

சரி, சின்ன வியாபாரிக்கு 1% கட்டினால் போதும் என்று ஒரு காம்போசிஷன் திட்டம் இருக்கிறதே, அதில் போகலாமா? போக முடியாது. மாநிலம் தாண்டிப் பொருள் அனுப்பினால் அந்தத் திட்டத்தின் கதவு மூடிவிடும். கூட்டிக்கழித்துப் பாருங்கள். உள்ளூரிலேயே ஒன்றரைக் கோடி ரூபாய் வரை விற்கிற கடைக்கு 1% வழி திறந்திருக்கிறது. 3,60,000 ரூபாய் விற்று, ஒரு பார்சலை எல்லை தாண்டி அனுப்புகிற சகோதரிக்கு 5%. இது நியாயமா?

பிறகு ரிட்டர்ன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் முறையில் போனாலும் வருஷத்துக்கு எட்டு ரிட்டர்ன். பிரசவம், காய்ச்சல், வீட்டில் ஒரு சாவு என்று மெஷின் நின்றுபோன காலத்துக்கும் "விற்பனை பூஜ்யம்" என்று ரிட்டர்ன் போட்டாக வேண்டும். தவறினால் நாளுக்கு 20 ரூபாய், ஒரு ரிட்டர்னுக்கு 500 ரூபாய் வரை. வரி கட்ட வேண்டிய ரிட்டர்ன் என்றால் நாளுக்கு 50 ரூபாய், இப்படிப்பட்ட சின்ன வியாபாரிக்கு ஒரு ரிட்டர்னுக்கு 2,000 ரூபாய் வரை. இரண்டு காலாண்டு தொடர்ந்து விட்டுவிட்டால் பதிவையே ரத்து செய்யலாம்.

இதற்கெல்லாம் முன்னாடி இன்னொரு மலை இருக்கிறது. முகவரி. வாடகை வீட்டில் இருப்பவர் வீட்டு ஓனரிடம் போய் சம்மதக் கடிதமும் கரண்ட் பில்லும் கேட்க வேண்டும். "வீட்டு மீட்டரை கமர்ஷியலா மாத்திடுவாங்கம்மா, சொத்து வரி ஏத்திடுவாங்க, வேணாம்" என்பார் ஓனர். அவர் பயமும் அவருக்கு. வாடகைக்கு இருப்பவர் என்ன செய்ய முடியும்?

கிண்டியை ஏன் இழுக்கிறோம் தெரியுமா? 1958-இல் இதே கிண்டியில்தான் தொழிற்பேட்டை வந்தது. காமராஜர் முதலமைச்சர், ஆர். வெங்கடராமன் தொழில் அமைச்சர். கையில் முதல் இல்லாதவனுக்கு முதலில் ஒரு ஷெட் கொடு, கரண்ட் கொடு, ரோடு கொடு, அவன் தொழில் செய்து காட்டுவான் என்பதுதான் அன்றைய யோசனை. இன்றைக்கும் சிட்கோ தலைமையகம் அங்கேதான். தொழில்முனைவோருக்குப் பயிற்சி தரும் மாநில நிறுவனம் கிண்டியில். ஒன்றிய அரசின் சிறுதொழில் வளர்ச்சி அலுவலகமும் அதே ஜி.எஸ்.டி. ரோட்டில். அன்றைக்கு அரசு இடத்தைக் கொடுத்துவிட்டுத் தொழில் செய்யச் சொன்னது. இன்றைக்குப் படுக்கையறையையே ஷெட்டாக மாற்றித் தொழில் செய்கிற பெண்ணிடம், முதலில் இடத்துக்கு ஆதாரம் காட்டு என்கிறது.

ஒரே தெரு, இரண்டு நியாயம்

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருவோம். அந்தச் சகோதரியின் பக்கத்து வீட்டில் ஒரு தம்பி. லேப்டாப்பில் லோகோ வரைந்து கொடுக்கிறார். வாடிக்கையாளர்கள் பெங்களூரு, மும்பை, டெல்லி. அவரும் மாநில எல்லையைத் தாண்டித்தான் விற்கிறார். அவருக்கு முதல் ரூபாயிலிருந்து பதிவு வேண்டுமா?

வேண்டாம். வருஷம் 20 லட்சம் ரூபாய் வரை வேண்டாம்.

ஏன்? 2017 அக்டோபர் 13-ஆம் தேதி ஒன்றிய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. சேவை வழங்குகிறவர்கள் மாநிலம் தாண்டி விற்றாலும் 20 லட்சம் வரை பதிவிலிருந்து விலக்கு என்று. நாடாளுமன்றத்தில் சட்டத்திருத்தம் இல்லை, மூன்று வருஷ ஆய்வுக்குழு இல்லை. ஒரே ஒரு அறிவிக்கை. ஜி.எஸ்.டி. வந்து நான்கு மாதம் முடிவதற்குள் அந்தத் தம்பிக்கு வழி பிறந்துவிட்டது. அது சரியான முடிவு, வரவேற்கிறோம். அதே அறிவிக்கை மெஷின் மிதிக்கிற அக்காவுக்கு ஏன் வரவில்லை? படம் வரைந்து அனுப்பினால் விலக்கு, துணி தைத்து அனுப்பினால் கட்டாயம். இதற்கு எந்தப் பொருளாதாரப் புத்தகத்தில் நியாயம் இருக்கிறது?

அரசுத் தரப்பு என்ன சொல்லும் என்று நமக்குத் தெரியும். "ஜி.எஸ்.டி. என்பது பொருள் போய்ச் சேருகிற மாநிலத்துக்கான வரி, அதனால் எல்லை தாண்டினால் கணக்கு வேண்டும்" என்பார்கள். சேவைக்கும் அதே தத்துவம்தானே? அதற்கு விலக்கு கொடுத்தபோது எந்த மாநிலக் கஜானா காலியானது? பட்டியலில் உள்ள கைவினைப் பொருட்களுக்கும் மாநிலம் தாண்டி 20 லட்சம் வரை விலக்கு இருக்கிறது. கூடைக்கு முடியும் என்றால் குழந்தைச் சட்டைக்கு ஏன் முடியாது?

"பெரிய வியாபாரி பத்துப் பேர் பெயரில் பிரித்து விற்று ஏமாற்றுவார்" என்பது அடுத்த பதில். பான் எண், வங்கிக் கணக்கு, கூரியர் ரசீது, யு.பி.ஐ. என்று ஆன்லைன் வியாபாரத்தில் ஒவ்வொரு ரூபாய்க்கும் தடம் இருக்கிறது. அந்தத் தடத்தை வைத்து ஏமாற்றுகிறவரைப் பிடியுங்கள். பிடிக்க முடியாததற்குத் தண்டனை நேர்மையாக 3,60,000 விற்கிறவருக்கா?

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். அதே உடையை தி.நகரில் ஒரு சின்னக் கடை விற்கிறது. பெங்களூருவில் இருந்து வந்தவர் நேரில் வாங்கி, பில்லில் முகவரி எழுதாமல் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறுகிறார். அது உள்ளூர் விற்பனை. 40 லட்சம் வரை பதிவு வேண்டாம். அதே உடை கூரியரில் போனால் முதல் ரூபாயிலிருந்து பதிவு. டிஜிட்டல் இந்தியா என்று மேடையில் முழக்கம். டிஜிட்டலில் விற்றால் தண்டனை!

பெரிய விற்பனைத் தளங்களில் விற்றவர்கள் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்றாலும் முதல் ரூபாயிலிருந்து பதிவு என்று ஆறு வருஷத்துக்கும் மேல் வைத்திருந்தார்கள். 2023 அக்டோபர் 1-இல்தான் தளர்த்தினார்கள். அப்போதும் ஒரு நிபந்தனை: சொந்த மாநிலத்துக்குள் மட்டும்.

2025 செப்டம்பர் 3-ஆம் தேதி 56-வது ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடியது. தளங்கள் வழியாகப் பல மாநிலங்களில் விற்கும் சிறு விற்பனையாளர்களுக்கு எளிமையான பதிவு முறை கொண்டுவரக் கொள்கை அளவில் ஒப்புதல் என்றார்கள். நவம்பர் 1 முதல் சிறு வியாபாரிகளுக்கு மூன்று வேலை நாளில் பதிவு என்றும் சொன்னார்கள். அந்த அறிவிப்பைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். மாநிலத்துக்கு மாநிலம் முகவரி காட்டும் சிக்கலைப் பேசுகிறது, பதிவின் வேகத்தைப் பேசுகிறது. முதல் ரூபாய் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாம் கேட்டது சீக்கிரம் பதிவு அல்ல, சாமி. விலக்கு!

'கம்பெனி ஓனர் ஆகுங்க' என்று வருகிற விளம்பரம்

இந்தக் குழப்பத்தில் மீன் பிடிக்க ஒரு கூட்டம் இருக்கிறது. போனைத் திறந்தால், "ஆன்லைன் பிசினஸா? உடனே பிரைவேட் லிமிடெட் பதிவு பண்ணுங்க, பேக்கேஜ் விலை இவ்வளவு" என்று விளம்பரம். எத்தனை தம்பி தங்கைகள் விசிட்டிங் கார்டில் "டைரக்டர்" என்று போட ஆசைப்பட்டு இதில் விழுகிறார்கள்! அவர்களுக்காகக் கணக்கைத் திறந்து வைக்கிறோம். சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தனி உரிமையாளராக, அதாவது புரொப்ரைட்டராகத் தொழில் செய்தால் தனிச் சட்டப் பதிவு எதுவும் தேவையில்லை. உங்கள் பான் எண்தான் தொழிலின் பான் எண். உத்யம் பதிவு இலவசம். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வருமான வரி முறையில் தொழில் வருமானம் 12 லட்சம் வரை வரி பூஜ்யம். விற்பனை முழுக்க வங்கி, யு.பி.ஐ. வழியாக வந்தால், அதில் குறைந்தது 6% லாபம் என்று காட்டி கணக்குப் புத்தகச் சுமை இல்லாமல் தாக்கல் செய்யும் வசதியும் உண்டு. கூடுதலாகச் சம்பாதித்திருந்தால் கூடுதலாகத்தான் காட்ட வேண்டும்.

அதே 6 லட்சம் ரூபாய் லாபத்தை ஒரு பார்ட்னர்ஷிப்பிலோ எல்.எல்.பி.யிலோ அப்படியே வைத்தால் 30% வரி, செஸ்ஸோடு 1,87,200 ரூபாய். கம்பெனியில் வைத்தால், 25% விகிதத்தில், செஸ்ஸோடு 1,56,000 ரூபாய். சம்பளமாக எடுத்துக்கொண்டு இதைக் குறைக்கலாம். ஆனால் அதற்கு ஒப்பந்தம், பதிவேடு, ஆடிட்டர் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். அந்த 6% வசதி எல்.எல்.பி.க்கும் கிடையாது, கம்பெனிக்கும் கிடையாது.

கம்பெனி என்றால் ஒரு ரூபாய்கூட விற்காவிட்டாலும் சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் தணிக்கை கட்டாயம். ஒரே ஆள் நடத்தும் ஒன் பெர்சன் கம்பெனிக்கும் அதே கதிதான். ஆண்டுக்கணக்கும் ஆண்டறிக்கையும் தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபாய். அதற்கு உச்சவரம்பு இல்லை. ஒரு வருஷம் மறந்துபோனால் இரண்டு படிவத்துக்கும் சேர்த்து 73,000 ரூபாய்! 2017-இல் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்பெனிகளைப் பதிவேட்டிலிருந்து நீக்கினார்கள். சுமார் 3 லட்சம் இயக்குநர்களைத் தகுதி நீக்கம் செய்தார்கள். அதில் போலிக் கம்பெனிகள் இருந்தன, மறுக்கவில்லை. மூன்று வருஷம் ரிட்டர்ன் போடாமல் விட்டால் நேர்மையான சின்ன ஆளும் அதே பட்டியலில்தான் வருவார் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

அப்படியென்றால் கம்பெனியே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. புரொப்ரைட்டர் கடன்பட்டால் அவரது வீடும் நகையும் பதில் சொல்ல வேண்டும். பெரிய கடன் வாங்கப் போகிறீர்கள், வெளியிலிருந்து முதலீடு வருகிறது, ஏதாவது ஆனால் பெரிய நஷ்டஈடு கேட்கக்கூடிய பொருள் விற்கிறீர்கள் என்றால் கம்பெனியோ எல்.எல்.பி.யோ பாதுகாப்பு. நண்பரோடு கூட்டு என்றால் வாய்ப்பேச்சில் விடாதீர்கள். 1932-ஆம் வருஷ பார்ட்னர்ஷிப் சட்டப்படி பதிவு செய்யாத கூட்டு நிறுவனம், ஒப்பந்தப்படி வர வேண்டிய பணத்துக்காக வெளியாள் மேல் வழக்குப் போட முடியாது. மற்றபடி வீட்டில் ஒரு மெஷின், ஒரு போன் என்று தொடங்குகிறவருக்கு புரொப்ரைட்டர்ஷிப் போதும். வளர்ந்த பிறகு மாறிக்கொள்ளலாம்.

இதிலும் ஒரு அநியாயம் ஒளிந்திருக்கிறது. ஒன்றிய அரசின் 'ஸ்டார்ட்அப் இந்தியா' அங்கீகாரம் தனி உரிமையாளருக்குக் கிடையாது. கம்பெனி, எல்.எல்.பி., பதிவு செய்த கூட்டு நிறுவனம் போன்ற வடிவங்களில் வந்தால்தான் உள்ளே விடுவார்கள். எளியவருக்குப் பொருந்துகிற ஒரே வடிவத்தை வாசலில் நிறுத்திவிட்டு, எல்லோரும் தொழில்முனைவோர் ஆகுங்கள் என்று பிரசங்கம்!

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறோம். இந்த விதிகள் பிடிக்கவில்லை என்பதற்காக யாரும் மறைத்து விற்காதீர்கள். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் என்ன நடந்தது? யு.பி.ஐ. வரவைக் கணக்கெடுத்துச் சின்னக் கடைகளுக்கு வரி நோட்டீஸ் போனது. பயந்துபோன வியாபாரிகள் க்யூ.ஆர். அட்டையைக் கழற்றிவிட்டு "ரொக்கம் மட்டும்" என்று எழுதி வைத்தார்கள். கடைசியில் மாநில முதலமைச்சரே அவர்களை அழைத்துப் பேச வேண்டி வந்தது. தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். குடும்பப் பணத்தை அதில் கலக்காதீர்கள். ஒவ்வொரு பில்லையும் பத்திரப்படுத்துங்கள். கணக்கு கையில் இருந்தால்தான் உரிமையை உரக்கக் கேட்க முடியும்.

நாம் கேட்பது

ஒன்று. 2017-இல் சேவைக்குக் கொடுத்த அதே விலக்கைப் பொருள் விற்கும் சிறு வியாபாரிக்கும் கொடு. மாநிலம் தாண்டினாலும் குறைந்தது 20 லட்சம் வரை பதிவு வேண்டாம். தளத்தில் விற்றாலும் சொந்தப் பக்கத்தில் விற்றாலும் ஒரே விதி.

இரண்டு. 1% காம்போசிஷன் திட்டத்தை மாநிலம் தாண்டி விற்கும் சிறு வியாபாரிக்கும் திற.

மூன்று. விற்பனையே இல்லாத காலத்து ரிட்டர்னுக்குத் தாமதக் கட்டணம் கூடாது. பூஜ்யத்துக்கு என்ன அபராதம்?

நான்கு. வாடகை வீட்டிலிருந்து தொழில் செய்பவருக்கு சுய உறுதிமொழியும் வாடகை ரசீதும் போதும் என்று விதி செய். பதிவு, ரிட்டர்ன், நோட்டீஸ் எல்லாம் தமிழில் கொடு.

ஐந்து. ஸ்டார்ட்அப் அங்கீகாரத்தைத் தனி உரிமையாளருக்கும் கொடு.

ஜி.எஸ்.டி. கவுன்சிலில் ஒன்றிய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. எந்த முடிவுக்கும் நான்கில் மூன்று பங்கு வேண்டும். அதாவது ஒன்றிய அரசு வேண்டாம் என்றால் எதுவும் நடக்காது. எனவே முதல் பொறுப்பு டெல்லிக்கு. ஆனால் தமிழ்நாட்டுக்கும் அங்கே ஒரு நாற்காலி இருக்கிறது. அதில் உட்காருகிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், அடுத்த கூட்டத்தில் இந்த மடுவன்கரைப் பார்சலை மேஜை மேல் வைக்க வேண்டும்.

தோழர்களே, உங்கள் வீட்டிலும் தெருவிலும் இப்படி ஒரு அக்கா, ஒரு தம்பி இருப்பார்கள். பொடி இடித்து விற்பவர், கம்மல் செய்து விற்பவர், கேக் மேல் பூ போடுபவர். "வெளி மாநிலத்துக்கு அனுப்ப மாட்டோம்" என்று எத்தனை பேர் தங்கள் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அது அவர்கள் விருப்பம் அல்ல. சட்டம் போட்ட பூட்டு.

இந்தப் பதிவை அவர்களுக்கு அனுப்புங்கள். எல்லை தாண்டியதால் நீங்கள் இழந்த ஆர்டரைக் கமெண்டில் எழுதுங்கள். உங்கள் தொகுதி எம்.பி.யின் பக்கத்தில் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: லோகோவுக்கு 20 லட்சம், பாவாடை சட்டைக்கு ஏன் பூஜ்யம்?

பதில் வரும் வரை கேட்போம்!

#முதல்ரூபாய்_வரி_வேண்டாம்
#சிறுவியாபாரிக்கும்_ஒரே_நியாயம்